அண்ணனுக்காக நான் திருத்திய நாயகன்

பிறர் எழுதியதில் ஒரு சொல்லையும் மாற்றலாகாது என்று முப்பது ஆண்டுகள் மாணவர்க்குப் போதித்தவன் நான். ஒரு மனிதரின் வாழ்க்கை வரலாற்றையே மாற்றிப் படித்தவனும் நானே.

மறைமலை நகர்த் தொழிற்சாலை ஒன்றில் பணியாற்றிய என் அண்ணன், சண்டைப் படங்களால் புகழ்பெற்ற ஒரு நடிகரின் தீவிர ரசிகர். முடிச்சூரில் வெள்ளம் புகுந்தபோது, அந்நடிகர் திரையில் அருவியில் குதித்ததை நினைத்து, அண்ணன் எங்கள் வீட்டு மாடியிலிருந்து வெள்ளத்தில் குதித்து எதிர்வீட்டு முதியவரை மீட்டார். (நான் மாடியிலேயே நின்று, கவனமாகக் குதிக்குமாறு அறிவுரை கூறினேன்.)

சர்க்கரை நோய் அண்ணனின் பார்வையைப் பறித்த ஆண்டில் அந்நடிகரின் தன்வரலாறு வெளிவந்தது. மாலைதோறும் நான் படிக்க, அவர் கேட்பார். ஏழாம் இயலில் நடிகர் ஒளிவுமறைவின்றி எழுதியிருந்தார்: உயரம் என்றாலே அவருக்கு நடுக்கமாம், எந்தப் படத்திலும் அவர் குதித்ததில்லையாம், அருவியில் விழுந்தவர் வேறொருவராம்.

அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அவரிடம் எஞ்சியிருந்த பெருமை அந்த ஒரு குதிப்புதான். நாயகன் குதிக்கவில்லை என்றால் அதுவும் சிறுத்துவிடும் என அஞ்சினேன். எனவே, ‘நானே குதித்தேன்’ என்று படித்தேன். அத்துடன் நின்றிருக்கலாம். பாறையில் மோதிய தோள், கதறிய இயக்குநர் என்று இரண்டு பக்கம் சேர்த்தேன். (நான் இயற்றிய ஒரே சண்டைக்காட்சி.)

நெகிழ்ந்துபோன அண்ணன், அதை மீண்டும் கேட்பதற்காக ஞாயிறன்று பழைய ரசிகர் மன்றத் தோழர்களை வீட்டுக்கு அழைத்துவிட்டார். தொண்டை கட்டியதாக நடித்தேன். மன்றச் செயலாளராக இருந்த செல்வம், “குடுங்க சார், நான் படிக்கிறேன்” என்று வாங்கி, உள்ளதை உள்ளபடியே படித்தார். போகப்போக அவர் குரல் இறங்கியது. எவரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே பெருந்தண்டனையாக இருந்தது.

அண்ணன் செல்வத்தின் பக்கம் திரும்பினார். பிறகு மெல்லக் கேட்டார்: “அப்போ நெஜமா குதிச்சது நான் மட்டுந்தானா மச்சான்?”

செல்வம் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். அண்ணன் சிரிக்கவில்லை.

அன்றுமுதல் நான் மின்கட்டண அட்டையைப் படித்தாலும் அண்ணன் பிள்ளைகள் விடுவதில்லை: “அதுல இருக்கறதா சித்தப்பா, சொந்தச் சரக்கா?”

சென்ற ஆடியில், மருத்துவமனைத் தாழ்வாரத்தில், அண்ணனின் சிறுநீரக அறிக்கையைப் படிக்க நேர்ந்தது. முதல் வரியிலேயே நின்றுவிட்டேன். அவர் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

“பரவால்லடா. உன் சரக்கையே படி.”