வாசல் மண்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பரீட்சையன்று ஐஸ் பெட்டி தூக்கப் போனவன் நான். அதற்குப் பிறகு எனக்கும் பேனாவுக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. ஆனால் என் கூட்டாளி ஜெபா இந்தக் கதையைத் தன் இஷ்டத்துக்கு ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். அவன் கதையில் நான் லுங்கி இல்லாமல் ஓடுகிறேன். (லுங்கி இருந்தது. அதைச் சொல்லத்தான் இத்தனையும்.)

எங்கள் கடற்கரையில் கீழத்தெரு, மேலத்தெரு என்று இரண்டு தெரு. படகை எங்கே ஏற்றி நிறுத்துவது என்று ஆரம்பித்த சண்டை, வலையைக் கிழித்து, மண்டையை உடைத்து, கடைசியில் கோயிலில்கூட ஆளுக்கொரு பக்கம் உட்காருவதில் வந்து நின்றது. கீழத்தெரு ஜெபாவுக்கு மேலத்தெரு ஷீபாவைத்தான் கட்ட வேண்டும். ஷீபாவின் அப்பா சந்தியாகு அண்ணாச்சியோ, சண்டை தீராமல் கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது என்றுவிட்டார். ஜெபா தாடி வளர்த்தான். ஆடு மேய்ந்து மிச்சம் வைத்த புல் மாதிரி இருந்தது. பார்க்கச் சகிக்கவில்லை. நாம்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். (யாரும் கேட்கவில்லை.)

அந்தச் சமயத்தில்தான் மோரா அக்கா என் ஆட்டோவில் ஏறினார். ஏதோ ஒரு குளிர் நாட்டுக்காரர்; தமிழ் கற்றுக்கொண்டு வந்தவர். அவர் ஊரில் ஏசுவுக்கும் முந்தி இருந்த பழைய வழியைக் கும்பிடுகிறவர். மண்தான் தாய், காற்று, தீ, தண்ணீர் எல்லாம் அவளுடைய ஆட்கள். சண்டை நடக்கிற ஊர்களுக்குப் போய், இரண்டு பக்கத்து மண்ணையும் கலந்து தாய் உருவம் செய்வாராம். பிறகு அதை மழையோ கடலோ எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எங்கள் ஊர்ச் சண்டையைச் சொன்னதும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு ஒரு பிடி மண் வாங்கி வா என்றார்.

கேட்டால் எவன் கொடுப்பான்? மத்தியானம், கடலுக்குப் போய் வந்தவர்கள் குறட்டை விடும் நேரம், மஞ்சப்பையோடு இரண்டு தெருவிலும் நடந்தேன். தினமும் கால் படுகிற மண்தான் விசேஷம் என்று நானே யோசித்து, ஒரு வீடு விடாமல் வாசல்படிக்கு நேர் கீழே அள்ளினேன்.

மறுநாள் காலையில் இரண்டு தெருவும் படகு நிறுத்தும் இடங்களுக்கு நடுவே அக்கா தாயைப் படுக்க வைத்தார். தலைமுடிக்குப் பழைய வலை, கண்ணுக்குச் சோழி, உதட்டுக்குத் தேரிக்காட்டுச் செம்மண். தீக்குக் கங்கு, தண்ணீருக்குக் கடல்நீர்ப் பானை. காற்றுக்கு இறகு கேட்டார். கறிக்கடையில் கறுப்புச் சேவல் இறகு கிடைத்தது. பூமி தந்த பழம் கேட்டார். எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழம்தான் இருந்தது.

கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன்.

பொம்மை. சேவல் இறகு. எலுமிச்சம்பழம். காலடி மண். செய்வினைக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

கலைத்துவிடலாம் என்று குனிவதற்குள் படகுகள் கரையேறிவிட்டன. சுற்றிலும் கூட்டம். சந்தியாகு அண்ணாச்சி முன்னால் வந்தார்.

"யாருக்குலே வச்சிருக்க?"

"எல்லாருக்குந்தான் அண்ணாச்சி." (நான் சொன்னது சமாதானத்தை.)

ஜெபாவின் அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு, மண் எங்கே எடுத்தது என்று கேட்டார். மோரா அக்காதான் பெருமையாக, தெள்ளத்தெளிவான தமிழில் சொன்னார்.

"எல்லா வீட்டு வாசல் மண். இந்தத் தம்பி கொண்டு வந்தான்."

நான் ஓடினேன். ஆட்டோ பக்கம் ஆள் நின்றதால் கடலுக்குள்ளேயே ஓடினேன். நெஞ்சளவு தண்ணீரில் நின்று திரும்பிப் பார்த்தால், சந்தியாகு அண்ணாச்சியும் ஜெபாவின் அப்பாவும் தோளோடு தோளாக வருகிறார்கள்.

"நீரு அங்கன போயி மறியும். நான் இங்கன வாரேன்" என்றார் அண்ணாச்சி.

"சரி மச்சான்" என்றார் ஜெபாவின் அப்பா.

பல மாதம் முகம் பார்க்காத இரண்டு பேர். மீனை வளைப்பது மாதிரி என்னை வளைத்துக் கரையில் போட்டார்கள். (அப்போதும் லுங்கி இருந்தது.) வாங்கிய அடியைப் பற்றி ஜெபா சொல்வதில் பொய் இல்லை.

அடுத்து, செய்வினை கழியப் பொம்மையைக் கடலில் கரைக்க வேண்டும். எங்கள் வீட்டு மண்ணை நீங்கள் தொடக் கூடாது என்று இரண்டு தெருவும் நின்றது. கலந்த மண்ணை எப்படிப் பிரிப்பது? வேறு வழியில்லாமல் எல்லாருமாகச் சேர்ந்து அள்ளி, ஒரே படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கரைத்தார்கள். மோரா அக்கா கரையில் நின்று ஆனந்தமாக அழுதார். இத்தனை ஊரில் இவ்வளவு ஒற்றுமையை அவர் பார்த்ததில்லையாம்.

கரைக்கப் போன படகிலேயே கல்யாணப் பேச்சும் நடந்துவிட்டது. இப்போது ஜெபாவுக்கு மகள் இருக்கிறாள். நான்தான் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் பெண்கள் விளக்குமாற்றோடு வாசலுக்கு வருகிறார்கள். எங்கள் அம்மாகூட, வீட்டைவிட்டுக் கிளம்பும்போது "கையக் காட்டுலே" என்கிறாள். ஷீபா இன்றுவரை என்னைத் தன் வாசல்படி மிதிக்க விட்டதில்லை. பிள்ளையைப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

இதை எழுதி முடித்ததும் போட்டோ எடுத்து ஜெபாவுக்கு அனுப்பினேன். என்னால்தானே உனக்குக் கல்யாணமே நடந்தது, பிள்ளையைப் பார்க்க எப்போதுதான் விடுவாய் என்று கேட்டேன். பதில் வந்தது.

"நாளைக்கு வாலே, வாசல்ல சிமெண்ட் போட்டாச்சு."