விளக்கெண்ணெய் துரை எண்ணெய் மாற்றிய திங்கட்கிழமை

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஞாபகமும் முன்போல இல்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் அடித்துச் சொல்வேன். தன் தலைக்குச் சொட்டு எண்ணெய் வைக்காமல் மோட்டாருக்குப் படி படியாக எண்ணெய் வைத்த மனுஷர் மதுரை ஜில்லாவிலேயே எங்கள் விளக்கெண்ணெய் துரை ஒருவர்தான்.

அவர் என் அம்மாவின் அண்ணன். அப்பா இல்லாத எங்களைச் சமயநல்லூரில் தன் வீட்டில் வைத்திருந்தார். மில் வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, ஆற்றோர நஞ்சையை விற்று அவருடைய பந்தயக் காரை வாங்கினார். தரையோடு தரையாகப் படுத்திருக்கும். இரண்டு பேர் உட்காரலாம். மூன்றாவதாக ஒரு சொம்பு வைக்க இடமிருக்காது. அந்த எஞ்சினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றவேண்டுமாம். வண்டி போன தெருவெல்லாம் பேதிக்குக் கொடுத்த வீடு மாதிரி வாடை அடிக்கும். ஊர் பட்டம் கொடுத்துவிட்டது.

மெக்கானிக் யாரையும் தொட விடமாட்டார். எண்ணெய் மாற்றும் நாளில் சோழவந்தான் ரோட்டில் ஓட்டிச் சூடேற்றுவார். பிறகு வண்டிக்கடியில் மல்லாந்து படுத்து, அடித் திருகைக் கழற்றி, பழைய எண்ணெயை அத்தையின் பொங்கல் அண்டாவில் பிடிப்பார். ஒரு சொட்டை நாக்கிலும் வைத்துப் பார்ப்பார்.

"என்ன மாப்ள, உப்பு ஒறைப்பெல்லாம் சரியா இருக்கா?" என்பார் எதிர்வீட்டுக்காரர்.

"ஒங்க வீட்டுக் கொழம்புக்கு இது தேவலண்ணே!"

நான் அஞ்சாம் வகுப்பு முடித்த வருஷம், மதுரை மிஷன் பள்ளியில் ஹாஸ்டலோடு ஒரே ஓர் இடம் இருந்தது. குறித்த திங்கட்கிழமை நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் எனக்கு. இல்லாவிட்டால் அடுத்த பிள்ளைக்கு. மாமாவும் அம்மாவும்தான் போய்க் கேட்டு வந்தார்கள். உச்சிக்குள் வரச் சொன்னதாக அம்மா சொன்னாள். ஒரு மணி என்றார் மாமா. அம்மாவுக்கு மணி பார்க்கத் தெரியாது.

அன்று விடிந்ததும் டிரங்குப் பெட்டியோடு நின்றேன். மாமா வண்டிக்கடியில் கிடந்தார்.

"அண்ணே, பஸ்ஸுல அனுப்பிருவோம்ண்ணே."

"நம்ம வீட்டுப் புள்ள பஸ்ஸுல போறதா? பழைய எண்ணெயோட போனா வண்டிக்கு மூச்சு வாங்கும். இந்தா, வாரேன்."

எண்ணெய் இறங்கி முடிந்தபோது ராகுகாலம் பிறந்துவிட்டது. பழசை இறக்கலாம், புதுசை ஊற்றக் கூடாதாம். ஒன்பது மணிவரை வயிறு காலியான வண்டியும் பெட்டியும் கையுமாக நானும் எதிரெதிரே நின்றோம். பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலந்தான்.

ஒன்பதடித்ததும் கும்பிட்டுவிட்டு, புது எண்ணெய் நாலு படியையும் ஊற்றினார். மேலே ஊற்ற ஊற்றக் கீழே போய்க்கொண்டிருந்தது. அண்டாவை அத்தை தூக்கிப்போயிருந்தாள். என் காலில் வழவழவென்று பட்ட பிறகுதான் குனிந்து பார்த்தோம். ராகுகாலத்தில் மூடக் கூடாதென்று அடித் திருகை மாமா வேட்டி மடியில், வெற்றிலையோடு பத்திரமாகச் செருகியிருந்தார்.

"வீட்ல நல்லெண்ணெ இருக்கு, அத ஊத்துண்ணே!" என்று அம்மா அழுதாள்.

"இதென்ன ஒன் தலையாடி?"

சைக்கிளை எடுத்துக்கொண்டு சோழவந்தான் செக்குக்குப் போனார். அம்மா முற்றத்து நிழலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிழல் காலடிக்கு வந்து, மறுபக்கம் சாய்ந்தபிறகு வந்து சேர்ந்தார். அப்புறம் ஓட்டினார் பாருங்கள்! வழியில் பரவை ஊருக்குள் பறந்த கோழிகள் இன்னும் தரையிறங்கியிருக்காது.

பள்ளிக் கடிகாரத்தில் ஒன்றேகால். இடம் போய்விட்டது.

"எழுபது மைல் வேகம் போற வண்டிம்மா இது!" என்றார் மாமா, பெரிய டீச்சரிடம்.

"போகும் ஐயா. வரலையே," என்றார் அந்த அம்மா.

'அடுத்த வருஷம் பாப்போம்' என்றார் மாமா. இரண்டு வருஷம் பார்த்தார். மூன்றாம் வருஷம் எனக்குக் கல்யாணம். பெண்ணழைத்துப் போனதும் அதே வண்டிதான். அன்றைக்கு மட்டும் முகூர்த்தத்துக்கு அரைமணி முன்னாலேயே கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அப்புறம் பல வருஷம் நான் அவரோடு பேசவில்லை. அவர் என் வீட்டுக்கு வந்தால் அடுக்களைக்குள் போய்விடுவேன். சுவரைப் பார்த்துச் சொல்லுவார்: "ஒரு மணின்னுதான் தாயி சொன்னாங்க." சாகும்வரை அதையேதான் சொன்னார்.

அந்தக் காலத்தில் அந்தப் பள்ளியில் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பிள்ளைகளைச் சேர்க்கும் கடைசி நேரம் உச்சியா, ஒரு மணியா என்று விசாரித்து இந்தப் பத்திரிகைக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரு மணி என்றால் மாமா கால்மணி நேரந்தான் தாமதம். கால்மணி நேரத்தை மன்னித்துவிட எனக்கு ஆசையாக இருக்கிறது.