சாம்பிள் டப்பாவில் குங்குமம்

ஒரகடம்.

மரியாதைக்குரிய பெருமாள்சாமி மாமா அவர்கள் சமூகத்திற்கு, மருமகன் இசக்கிதுரை கும்பிட்டு எழுதுவது. அங்கே தாங்களும் அத்தையும் பூமாரியும் சௌக்கியமாக இருப்பீர்கள். இங்கே நான் சௌக்கியமாக இல்லை. காரணம் தாங்கள்தான்.

வேலையில் பர்மனென்ட் ஆர்டர் வந்தால்தான் பூமாரிக்கும் எனக்கும் நாள் குறிப்பேன் என்று சொன்னது யார்? தாங்கள். அந்த ஆர்டர் கைக்கு வரும் நேரத்தில் மண்ணை அள்ளிப் போட்டது யார்? அதுவும் தாங்கள். ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரலாம் என்று கம்பெனியில் சொன்னார்களே என்று தங்களையும் பூமாரியையும் அழைத்தேன் பாருங்கள், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். வந்தவர் சும்மா நின்றீர்களா? குங்குமத் தட்டைப் பிடுங்கிக்கொண்டு ரியாக்டர், பம்பு, ஃபில்டர், மேனேஜர் நாற்காலி என்று ஒன்று விடாமல் பொட்டு வைத்தீர்கள். அதோடு விட்டிருந்தால் தேவலை. சாமி முன்னால் வைத்திருந்த என் சாம்பிள் டப்பாவுக்குள்ளேயும் போட்டிருக்கிறீர்கள். மறுநாள் காலை ஷிப்டில் அந்த எவர்சில்வர் டப்பாவில்தான் சரக்கைப் பிடித்து லேபுக்கு அனுப்பினேன். உள்ளே பார்க்காதது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கழுவித் துடைத்து வைத்த டப்பாவுக்குள் குங்குமம் இருக்கும் என்று எவன் நினைப்பான்?

எங்கள் சரக்கு என்ன என்று அன்றைக்கே விளக்கினேன், தாங்கள் சுண்டலில் கவனமாக இருந்தீர்கள். பாலியால் என்கிற கொழகொழப்பான திரவத்தில் ஸ்டைரீனையும் அக்ரிலோநைட்ரைலையும் விட்டு, சூடு பிசகாமல் பார்த்து எடுக்கிற பாலிமர் பாலியால் அது. வெள்ளை வெளேர் என்று இருந்தாக வேண்டும். கார் சீட்டு ஃபோம் அமுங்கிப் போகாமல் நிற்பது அதனால்தான். என் சாம்பிளில் ஃபோம் ஊற்றிப் பார்த்தால் ரோஸ் நிறத்தில் உப்பி வந்திருக்கிறது. இருபது டன் டேங்கை வெளியே அனுப்பாமல் நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் பிரசன்னா அந்த ஃபோமைக் கையில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னாபா இது, கார் சீட்டா, பொறந்தநாள் கேக்கா? யாரு கை வச்சதுன்னு எழுதிக் குடு. இல்லாங்காட்டி உன் ஆர்டர் பணால்."

மறுபடி சாம்பிள் எடுத்ததில் டேங்க் சுத்தம் என்று தெரிந்தது. என் பேர்தான் கெட்டுப்போனது.

ஆகவே, டப்பாவில் குங்குமம் போட்டது தாங்கள்தான் என்று கைப்பட எழுதி உடனே அனுப்ப வேண்டும். மீசையை முறுக்கிக்கொண்டு பேசாமல் இருப்பதென்றால், அப்புறம் என்னிடம் ஆர்டர் எங்கே என்று கேட்கக் கூடாது.

அத்தைக்கு என் நமஸ்காரம். பூமாரிக்கு என் அன்பு, அதை மட்டும் சத்தம் போட்டுப் படிக்க வேண்டாம்.

கொதித்துப்போயிருக்கும் தங்கள் மருமகன்,
இசக்கிதுரை

பி.கு.: நேற்று எழுதி ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று பூமாரி போன் பண்ணினாள். டப்பாவில் குங்குமம் இருந்ததே என்று மட்டும் பேச்சுவாக்கில் சொன்னேன். "அத்தான், சாமி முன்னால வெறும் டப்பாவ வைக்கலாமா? ஒங்களுக்கு ஆர்டர் வரணும்னு நாந்தான் ஒரு சிட்டிகை போட்டேன்" என்றாள். மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். குங்குமம் போட்டது நான்தான் என்று பிரசன்னாவிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆர்டரை ஆறு மாதம் தள்ளிவிட்டார்கள். அதுவரை அவளை வேறு இடத்தில் பேசிவிடாதீர்கள், மாமா. ஏன் தள்ளிப்போனது என்பது அவளுக்குத் தெரிய வேண்டாம்.