கிரகணத்துக்கு நல்ல நேரம்

வானியலுக்கென்றே பிறந்த ஊர்கள் உலகில் இரண்டு. ஒன்று கிரீன்விச்; மற்றது நாகர்கோவில். கிரீன்விச்சைப் பற்றி வேண்டுமானால் சந்தேகம் இருக்கலாம்.

ராகு, கேது முதலான 'மூடநம்பிக்கைகளை' ஒழிப்பது என்று 'நாஞ்சில் நாட்டு விண்ணாய்வுக் கழகம்' முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டது. கழகத்தில் கணக்குத் தெரிந்த ஒரே ஆள் நேசபாய் டீச்சர். 1955 ஜூன் இருபதாம் தேதி, திங்கட்கிழமை காலை, சூரியகிரகணம் நம் ஊரில் எப்போது பிடித்து எப்போது விடும் என்று ஆறு மாதம் பென்சில் தேய்த்துக் கண்டுபிடித்திருந்தார். அதைக் கழகத்தின் புதுத் தொலைநோக்கியில் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை.

அன்று சாரல்கூட ஒதுங்கி நின்றது. எட்டு மணிக்குக் கழக முற்றத்து மாமரத்தடியில் இலையிடுக்கு வழியே விழுந்த வெளிச்சப் பொட்டுகளெல்லாம் பிறை பிறையாகிவிட்டன. கணக்கு நிமிஷம் பிசகவில்லை! சந்தைக்குப் போன பெண்கள்கூட நின்று பார்த்தார்கள். தொலைநோக்கி மட்டும் பெட்டிக்குள் இருந்தது.

"பெட்டியத் தொறங்க சார்," என்று உள்ளே ஓடினார் டீச்சர்.

தலைவர் கணபதியப்பன் பஞ்சாங்கத்திலிருந்து தலை நிமிர்ந்தார். "என்ன டீச்சரே இப்பிடிச் சொல்லுதிய? திங்கக்கெழம ஏழரைலேருந்து ஒம்பது வரைக்கும் ராகுகாலம்லா? புதுக் கருவிய அதுலயா தொறப்பாவ?"

"ராகுவ ஒழிக்கத்தானே சார் கழகம்?"

"அதுக்கும் நல்ல நேரம் பாக்கண்டாமா?"

டீச்சர் உபதலைவர் இஸ்ரவேலைப் பார்த்தார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், கைகொடுப்பார் என்று நம்பினார்.

"எனக்கு இதுலயெல்லாம் விசுவாசம் கெடையாது டீச்சர்," என்றார் இஸ்ரவேல். "ஆனா லென்சு சீமைச் சரக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

ராகுகாலம் கழிந்து, கிரகணமும் விட்டபின், பத்து மணிக்கு நல்ல நேரத்தில் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, பெட்டியைத் திறந்தார்கள். தொலைநோக்கி வழியே வெள்ளைக் காகிதத்தில் முழு வட்டமாக விழுந்தது சூரியன். டீச்சர் நீங்கலாகக் கழகத்தார் பதினொரு பேரும் கைதட்டினார்கள். தலைவர் உடனே தீர்மானம் வாசித்தார்: "கழகக் கருவி வழியே ஆராய்ந்ததில் கிரகணம் ஏதும் காணப்படவில்லை. தவறாகக் கணக்கிட்ட உறுப்பினர் எழுத்துமூலம் விளக்கம் தரவேண்டியது."

டீச்சர் முற்றத்துப் பக்கம் கையை நீட்டினார். "மாமரத்தடியில அம்புட்டுப் பிறை கெடந்துதே சார், எட்டி ஒரு பார்வை பாத்திருக்கக் கூடாதா?"

"மாமரத்தக் கழகம் அங்கீகரிக்கல்ல."

டீச்சர் நின்ற நிலையிலேயே விளக்கம் எழுதிக் கொடுத்தார்:

"ராகு சூரியனை விழுங்கவில்லை என்பது உண்மை. கழக உறுப்பினர்கள் பதினொரு பேரை விழுங்கியதை நான் நேரில் கண்டேன்."