ஏழாம் பக்கத்து டாக்டரம்மா

உண்மை எங்கே இருக்கிறது என்று ஞானிகள் காலங்காலமாகத் தேடிக் களைத்துப் போனார்கள். பாவம், அவர்களுக்கு எங்கள் அலுவலக முகவரி தெரியாது. உண்மை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பதே நாங்கள்தான். பெரும்பாலும் ஏழாம் பக்கத்தில் வைப்போம்.

எங்கள் தொழில் புனிதமானது. யாராவது தேடுபொறியில் ஒரு கேள்வியைத் தட்டினால், முதல் பக்கத்தில் முதல் ஆளாக எங்கள் வாடிக்கையாளரின் இணையதளம் போய் நிற்க வேண்டும். அந்தத் தளத்துக்குப் பதில் தெரியுமா என்பது வேறு இலாகா. அப்படி ஓர் இலாகா எங்களிடம் கிடையாது.

எங்கள் மேலாளருக்கு 'முதலிடம்' என்றே பெயர். கேன்டீன் வரிசையில்கூட அவர் இரண்டாவதாக நின்று யாரும் பார்த்ததில்லை. அவருடைய கட்டளையைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோம்: 'பதினோராம் பத்திக்கு முன் பதில் சொல்லாதே.' பதில் கிடைத்தவர் எழுந்து போய்விடுவார். கிடைக்காதவர் உட்கார்ந்திருப்பார். உட்கார்ந்திருப்பவருக்கு விளம்பரம் காட்டலாம். இந்த 'வாசகர் சேவை'யைத் தங்கும் நேரம் என்று அளக்கிறோம்.

இத்துறையில் என் தலைசிறந்த படைப்பு, 'குழந்தையின் மூக்கில் பொருள் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது?' ஒரு பொம்மைக் கடைத் தளத்துக்காக எழுதியது. மூவாயிரம் சொற்கள். மூக்கு என்ற சொல் மட்டும் நூற்று நாற்பது முறை வரும். அதற்கு முன் அந்த இடத்தில் ஒரு குழந்தை மருத்துவர் இருந்தார். ஐந்தே வரி எழுதி வைத்திருந்தார், விவரம் தெரியாத மனுஷி! ஒன்றையொன்று 'பரிந்துரைக்கும்' நாற்பது தளங்களை நாங்களே ஆரம்பித்து, நாலு மாதம் பாடுபட்டு, அவரை ஏழாம் பக்கத்துக்கு வழியனுப்பி வைத்தோம். அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள்.

போன செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டிலிருந்து மனைவி கூப்பிட்டாள். பின்னால் எங்கள் மூன்று வயது மகளின் அலறல்.

"என்னங்க, குட்டி மூக்குக்குள்ள சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டா! பிச்சு எடுத்திருக்கா பாருங்க! என்ன பண்றது?"

"பதறாதே. அப்படியே தேடிப் பாரு. முதல்ல வர்றதைத் திற. அது நான் எழுதினதுதான்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

"திறந்துட்டேன். 'மனித நாகரிகத்தில் மூக்கின் பங்கு'ன்னு வருது."

"கீழ போ."

"'மூக்கும் மூச்சும்: ஓர் அறிமுகம்'."

"இன்னும் கீழ."

"ஐயோ, பொம்மை ஒண்ணு வந்து மறைக்குதுங்க. டான்ஸ் வேற ஆடுது. இதை எப்படி மூடறது?"

"வலது மூலையில பொடியா ஒரு பெருக்கல் குறி இருக்கும். அழுத்தினா இன்னொரு பொம்மை வரும். அதையும் மூடிடு."

அந்தக் குறியை எறும்புத் தலை அளவுக்கு வைக்கச் சொன்னதும் நான்தான்.

"பக்கத்து வீட்டு அக்கா கொண்டை ஊசியோட நிக்கிறாங்க. நெம்பி எடுத்துடலாம்ங்கறாங்க. எடுக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க!"

எழுதியவன் நான். பதில் எனக்குத் தெரியாது. பதினோராம் பத்தியை, பக்கத்து மேஜைக்காரர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் எடுத்திருந்தேன். அவரிடம் ஓடினேன்.

"அண்ணே, மூக்குல ஊசி விடலாமா?"

"எனக்கென்னப்பா தெரியும்? அந்தப் பத்தியை நான் உன்கிட்டேருந்துதானே எடுத்தேன்!"

போனில் மனைவி பதினோராம் பத்திக்கு வந்து சேர்ந்திருந்தாள். "'தகுந்த நேரத்தில் தகுந்த நடவடிக்கை எடுப்பதே தகுந்தது'ன்னு போட்டிருக்கு. இதை எழுதின கை விளங்குமாங்க?"

அந்தக் கோபத்திலும் அவள் மரியாதையை விடவில்லை. நான் போனில் கத்தினேன்.

"ஏழாவது பக்கத்துக்குப் போ! அங்க ஒரு டாக்டரம்மா இருப்பாங்க!"

எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியாதா? குடிவைத்தவன் நானல்லவா.

"ஆங், வந்துடுச்சு. 'மூக்குக்குள் எதையும் விடாதீர்கள். வாயால் மூச்சு விடச் சொல்லுங்கள். உடனே கூட்டி வாருங்கள்.' கீழ விலாசம் இருக்கு. அடப்பாவி, நம்ம தெருவுக்கு ரெண்டு தெரு தள்ளித்தான்! அக்கா, ஊசியைக் கீழ போடுங்க!"

நான் போய்ச் சேர்வதற்குள் குட்டி டாக்டரம்மாவின் மேஜைமேல் உட்கார்ந்திருந்தாள். வளைந்த கம்பி ஒன்று உள்ளே போனது, பொத்தான் வெளியே வந்தது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஊசியால நெம்பியிருந்தா உள்ள தள்ளிவிட்டிருக்கும். மூச்சுக்குழாய்ல போய் அடைச்சிருந்தா அவ்வளவுதான்" என்றார் அவர். "முன்னெல்லாம் நான் எழுதினதைப் படிச்சுட்டு நேரா இங்க வருவாங்க. இப்போ குத்திக் கிளறி, ரத்தம் வந்தப்புறம் வர்றாங்க. ஏன்னே தெரியல. நீங்க என்ன பண்றீங்க?"

"எழுதறேங்க" என்றேன்.

மனைவி என்னைப் பார்த்தாள். பொத்தானை எடுத்து என் சட்டைப் பையில் போட்டாள்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் 'முதலிடம்' எழுந்து நின்று தழுதழுத்த குரலில் பேசினார்.

"நண்பர்களே, வரலாறு படைச்சிருக்கோம்! நேத்து மதியம் ஒரே ஒரு வாசகர் நம்ம மூக்குக் கட்டுரையில பதினெட்டு நிமிஷம் தங்கியிருக்காங்க. ஒன்பது விளம்பரத்தைத் தொட்டிருக்காங்க. என்ன ஒரு ஈடுபாடு! என்ன ஒரு இலக்கிய தாகம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சாதனைக் கேடயம் ஒன்றை என் கையில் கொடுத்தார்கள்.

"சார், அது என் பொண்டாட்டி" என்றேன். "குழந்தை மூக்குல பொத்தான் மாட்டிக்கிச்சு. அழுதுக்கிட்டே படிச்சா."

'முதலிடம்' கண்ணை மூடி ஆழ்ந்து யோசித்தார். பிறகு என் தோளில் கைவைத்து, மெல்லிய குரலில் கேட்டார்:

"அந்தச் சட்டையில இன்னும் பொத்தான் இருக்கா?"

"இருக்கு சார், நாலு" என்றேன்.

கேட்ட கேள்விக்கு முதல் வரியிலேயே நான் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.