நாற்பது மீன்களும் ஒரு மேல்மாடியும்

நாற்பது மீன்களும் ஒரே இனம் என்று மேல்மாடியிலிருந்து அறிக்கை வந்துவிட்டது. முதல் மாதம் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு அளவுக்காரரும் அப்படித்தான் எழுதியிருந்தார். ஆனால் ஒழுங்காக அளந்து பார்த்து, இரண்டு இனம் என்று அன்று காலைதான் கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பியிருந்தார். ஒரு தாள் படியேறியது, ஒரு தாள் படியிறங்கியது. வழியில் ஒன்றையொன்று விசாரித்துக்கொள்ளவில்லை.

ஆற்று மீன் ஆய்வுக்கூடத்தில் வேலை இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. கீழே உடல்வாகு. மீனைப் பலகையில் கிடத்தி, வாயிலிருந்து வால்வரை பதினைந்து புள்ளி வைத்து, நீளம், உயரம், கண்ணின் அகலம் எல்லாம் அளப்பது. மேலே ஒரு மேடத்தின் பொறுப்பில் மரபணு. துடுப்பில் ஒரு துணுக்கை வெட்டி மெஷினில் கொடுத்துப் படிப்பது. இரண்டும் ஒத்துப்போனால் ஆய்வுக்கட்டுரை. கட்டுரை வந்தால் பதினோரு வருடமாகத் தற்காலிகமாக இருக்கும் அளவுக்காரர் நிரந்தரம். வராவிட்டால் மாதக் கடைசியில் வீட்டில் நிரந்தரம்.

"உடம்பு பொய் சொல்லும்யா. ஜீன் பொய் சொல்லாது" என்றார் இயக்குநர்.

"மேல மேடத்துக்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடவா சார்?"

"மூச்சு விடக்கூடாது! ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே முடிவுக்கு வரணும். அதுக்குப் பேர்தான் விஞ்ஞானம்."

ஆகவே பேச்சுக்குத் தடை. மாதிரியோடு அளவு அட்டவணையையும் இணைத்து அனுப்பவேண்டும் என்பது மட்டும் அலுவலக விதி. தடையையும் விதியையும் போட்டவர் ஒரே இயக்குநர்தான்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "என்னங்க, நாப்பது மீனு. ஒண்ணா ரெண்டான்னு சொல்ல இவ்வளவு நாளா? மீன் கடைக்காரன் வாலைத் தூக்கிப் பாத்தே சொல்லிடுவான்."

"அப்படி இல்ல. ஒரு கூட்டம் ஒல்லி, வாய் கீழ்ப்பக்கமா இருக்கு. இன்னொண்ணு முதுகு உசந்து குண்டா இருக்கு, வாய் நேரா இருக்கு."

"எங்க அண்ணன் ஒல்லி, நான் குண்டு. அப்ப நாங்க ரெண்டு இனமா?"

வாயைப் பார்த்தால் ஒரே இனம்தான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. பதினாறு வருட இல்லற அனுபவம் அதை விழுங்க வைத்தது.

ஆனால் கேள்வி தூங்கவிடவில்லை. ஒருவேளை குண்டெல்லாம் முட்டை சுமக்கும் பெண் மீன்களோ? வாய் கோணியது, கெடாமலிருக்கப் போட்டுவைத்த சாராயத்தில் ஊறியதாலோ? சாராயத்தில் ஊறினால் மனிதனுக்கே வாய் கோணுகிறதே. நான்கு நாள் உட்கார்ந்து எல்லாவற்றையும் திருத்தி, ஒரே இனம் என்று எழுதி மேலே அனுப்பினார்.

மாலையில் மேலிருந்து அறிக்கை வந்தது. 'இரண்டு இனம். உறுதி.'

அளவுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடி இரண்டு என்று எழுதி அனுப்பினார்.

"என்னய்யா, நேத்து ஒண்ணுன்னீங்க?" என்றார் இயக்குநர்.

"அது முட்டைன்னு நெனச்சேன் சார்."

"இன்னிக்கு?"

"முட்டை இல்லன்னு நெனைக்கறேன் சார்."

"நீங்க நெனைக்கறதுக்கெல்லாம் மீன் மாறுமாய்யா?"

"மேலயும்தான் சார் மாத்தறாங்க..."

"அது மறு ஆய்வு. நீங்க பண்றது தடுமாற்றம்."

இரண்டு நாள் கழித்து மேலிருந்து வந்தது. 'மறு ஆய்வில் ஒரே இனம். மிக உறுதி.'

அளவுக்காரருக்குத் தன் கண்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. சாப்பாட்டு மேசையில் இரண்டு கரண்டிகளை ஒன்றாகப் பிடித்து, வெகுநேரம் நீளம் பார்த்தார்.

"போதும், கீழ வைங்க" என்றாள் மனைவி. "வேலை போனாலும் பரவாயில்ல, புத்தி இருக்கட்டும். அண்ணன் கடையில கல்லாவுக்கு ஆள் தேடறான்."

மச்சான் கடையில் கல்லா! அந்தப் பயத்தில் அளவுக்காரர் யாருக்கும் மனம் கோணாமல் ஒரு சமரசம் கண்டுபிடித்தார். ஒல்லி ஓர் இனம், குண்டு ஓர் இனம், இரண்டிலும் சேராத ஏழு மீன்கள் மூன்றாவது இனம். ஒன்றுக்கும் இரண்டுக்கும் சண்டை என்றால் மூன்று என்று தீர்ப்புச் சொல்வது விஞ்ஞானத்தில் இல்லை, பஞ்சாயத்தில்கூட இல்லை. ஆனாலும் எழுதினார், அனுப்பினார்.

மேலிருந்து வந்தது. 'இரண்டு.'

அன்றைக்கே காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பிதற்றியவரை, கனவில் ஏலம் போடுகிறார் என்று நினைத்து மனைவி எழுப்பவில்லை. ஐந்து நாள் அட்டவணையைத் தொட ஆளில்லை.

மாதத்தின் கடைசி நாள், மேசையைக் காலி செய்யப் பையோடு வந்தவரை இயக்குநர் வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"மேலயும் மூணுன்னு வந்துடுச்சுய்யா! ஒரு வார்த்தை பேசிக்காம ரெண்டு பேரும் ஒரே இடத்துல வந்து நின்னீங்க பாருங்க, அங்க நிக்குது விஞ்ஞானம்! ஆத்துல ஒரு புது இனம்! இந்தாங்க, பர்மனென்ட் ஆர்டர்."

அளவுக்காரர் அந்தத் தாளை நான்காவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தபோது, கையில் மெஷின் எண்ணெயும் தோளில் கருவிப் பையுமாக ஒருவர் எட்டிப்பார்த்தார்.

"சார், கை கழுவ எங்க போகணும்? மேல ஜீன் படிக்கற மெஷினை ரிப்பேர் பண்ணிட்டு வரேன். பார்ட் வராம ஒம்பது மாசமா படுத்துக் கிடந்தது, இன்னிக்குத்தான் உயிர் வந்துச்சு."

"ஒம்பது மாசமா? அப்ப... இத்தனை நாள் வந்த ரிப்போர்ட்டெல்லாம்?"

"நானும் அதைத்தான் கேட்டேன் சார். கீழ யாரோ அளந்து அனுப்பற அட்டவணையைப் பாத்து அப்படியே எழுதினாங்களாம். அந்த ஆளு ஒரு முடிவுல நிக்காம, பாவம், அந்தம்மாவை ரொம்பப் படுத்திட்டாராம்."