உறை பிரிக்காத இயந்திரம்

சலுகைப் பிரியர்கள் என்றொரு இனம் உண்டு. அடையாளம் கண்டுகொள்வது சுலபம். எந்தப் பொருளைக் காட்டினாலும் அது எதற்கு உதவும் என்று கேட்க மாட்டார்கள். எவ்வளவு வரி கழியும் என்றுதான் கேட்பார்கள்.

நம் அட்டைப்பெட்டி முதலாளி இந்த இனத்தில் முதல் வரிசை. நிதியாண்டு முடிய நான்கே நாள் இருக்கையில், புது இயந்திரத்துக்கு வரிச்சலுகை உண்டென்று ஆடிட்டர் ஒரு வார்த்தை சொல்லிவைக்க, மனிதர் மடித்து ஒட்டும் இயந்திரம் ஒன்றை வரவழைத்து, பட்டறை நடுவில் நிறுத்தி, பக்கத்தில் நின்று படம் பிடித்து, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டி, பிளாஸ்டிக் உறையை மட்டும் பிரிக்காமல் விட்டுவிட்டார். ஆராய்ச்சிச் செலவுக்கும் சலுகை உண்டாமே? மாடியறையில் 'ஆராய்ச்சிப் பிரிவு' என்று பலகை ஏறியது. சும்மா இருந்த மைத்துனருக்கு வெள்ளைக் கோட்டு தைத்தாயிற்று. அவர் பசை எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று குறித்துக்கொண்டிருந்தார். அது பாவம், தன்பாட்டுக்குக் காய்ந்தது.

கீழே பசை ஒரு பக்கம், அட்டை மறுபக்கம், நடுவே இயந்திரம். அதைச் சுற்றிச் சுற்றி நடந்ததில், நாளொன்றுக்கு ஆயிரம் பெட்டி ஒட்டியவர்கள் எழுநூற்றுக்கு இறங்கினார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சரக்குப் போகாவிட்டால், பெட்டி வாங்கும் பிஸ்கட் கம்பெனி கைநழுவிவிடும்.

பன்னிரண்டு வருடமாகப் பட்டறையைத் தாங்கிவந்த மேற்பார்வைக்கார அக்கா மெல்லக் கேட்டார்: "அந்த மிஷினை ஓட்டலாமே சார், ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்."

"ஓட்டினா பழசாயிடும்மா. அதிகாரிங்க வந்து பார்க்கும்போது புதுசா இருக்க வேணாமா?"

"அப்ப ஓரமாவாவது தள்ளி வைக்கலாம்."

முதலாளி யோசித்தார். உற்பத்தி ஏன் குறைகிறது என்று ஆராயும்படி மைத்துனருக்கு உத்தரவு போட்டார். அதற்கும் சலுகை உண்டல்லவா?

அறிக்கை நாற்பது பக்கம். இயந்திரத்தை ஓரமாகத் தள்ளலாம் என்று கடைசிப் பக்கத்தில் இருந்தது. ஆனால் அது கைக்கு வந்தது சனிக்கிழமை. வெள்ளியன்றே லாரி பாதிச் சரக்கோடு கிளம்பிவிட்டது. மறு ஆர்டர் எதிர்ப் பட்டறைக்குப் போனது. அங்கே, சலுகை எதுவும் பார்க்காமல் எப்போதோ வாங்கிய ஒற்றை இயந்திரம், உடம்பெல்லாம் பசை அப்பிக்கொண்டு, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை அதன் முன்னால் நின்று அட்டை கொடுத்தவர், நம் அக்காவேதான்.

முதலாளி இதை ஜன்னல் வழியே பார்த்தார். அக்கா இல்லாத பட்டறையை அவரால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆடிட்டருக்குப் போன் போட்டார்.

"புது ஆளுக்குப் பயிற்சி குடுத்தா சலுகை உண்டா சார்?"

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு டிவி ரிமோட்டைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். வாங்கிய அன்று இருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியேதானே இருக்கிறது?